முதல் பட்டையின் உயரம் இரண்டு

என் மகள் சரியாகப் போட்டிருந்த ஒரு வரைபடத்தைத் தவறு என்று சொன்னேன். அது தவறல்ல என்று அன்று மாலையே தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவள் வந்து கேட்டபோது, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. இதற்கு மேல் நீங்கள் படிக்காமல் எழுந்து போனாலும் பாதகமில்லை. முக்கியமானதைச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் போய்விடாதீர்கள்... நான் யார் என்று தெரிந்தால்தான் இதன் கேவலம் உங்களுக்குப் புரியும்.

நான் தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்ப்பவன். குடியிருப்பது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில். எங்கள் பிளாக்கில் எந்தப் பிள்ளைக்காவது கணக்கில் சந்தேகம் வந்தால் என் வீட்டுக் கதவைத்தான் கைகாட்டுவார்கள். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அங்கிள்' என்று எனக்குப் பெயர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அந்த அங்கிளுக்கு ஒரு ஹிஸ்டோகிராமைப் படிக்கத் தெரியாது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் வழியில் புள்ளியியல் படித்து, முதல் வகுப்பில் தேறியவன் நான். எப்படித் தேறினேன்? மனப்பாடம். இயல்நிலைப் பரவலின் பண்புகளை எழுதச் சொன்னால் ஒரு கமா விடாமல் எழுதுவேன். மணி வடிவத்தில் வளைகோடு வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அந்தக் கோடு ஏன் அங்கே உயர்கிறது, அந்த உயரம் எதைச் சொல்கிறது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. மதிப்பெண் வந்தது, வேலை வந்தது, தில்லிக்கு ரயிலேறினேன்.

அலுவலகத்தில் என் வேலை என்ன தெரியுமா? வந்த விண்ணப்பங்கள் எத்தனை நாளில் முடிந்தன என்று படம் போடுவது. கம்ப்யூட்டரில் பட்டை வரைபடம் போட்டு, பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அழித்துவிட்டால் ஹிஸ்டோகிராம் ஆகிவிடும். எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் என்று ஒவ்வொரு பட்டையாகப் போட்டுவிட்டு, மிச்சத்தை எல்லாம் 'அதற்கு மேல்' என்று ஒரே பட்டையில் அள்ளிப் போடுவேன். அது தென்னை மரம் மாதிரி நிற்கும். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யே லம்பா வாலா க்யா ஹை, பாய்?" என்பார். இந்த நெட்டையாக நிற்பது என்னய்யா என்று அர்த்தம். நான் என் இருக்கைக்கு வந்து, அதே பட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுக் கொண்டுபோவேன். எல்லாம் குட்டை குட்டையாக இருக்கும். "அச்சா, அப் டீக் ஹை", இப்போது சரி என்று கையெழுத்துப் போடுவார்.

அதே விண்ணப்பங்கள். அதே தாமதம்! ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. பட்டையின் அகலத்தை மாற்றினால் உயரம் மாறும், உயரம் மாறினால் அதிகாரியின் முகம் மாறும். இதை வைத்தே வயிறு வளர்த்தவன் நான். ஏன் அப்படி மாறுகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

என் மகள் யோசித்தாள்.

நிவேதிதா. வீட்டில் நிவி. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பள்ளி முடித்ததும், எந்தப் பாடம் எடுக்கிறாய் என்று கேட்டதற்கு ஒரு நொடிகூடத் தயங்காமல் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" என்றாள். "அப்பா மாதிரி" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பிளாக் முழுக்க லட்டு கொடுத்தேன்.

முதல் ஆண்டில், சொந்த வாழ்க்கையிலிருந்தே தகவல் திரட்டி ஒரு ஹிஸ்டோகிராம் போட்டு வகுப்பில் விளக்க வேண்டும் என்று அவளுடைய மேடம் சொல்லியிருந்தார். கல்லூரிக்குப் போகத் தினமும் காலையில் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள் என்பதையே நிவி எடுத்துக்கொண்டாள். குளிர் காலம் முழுக்க, பனிமூட்டத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்று, பஸ் வந்ததும் கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொள்வாள்.

சரியாகப் பாதி நாட்களில் பஸ் முதல் கால் மணிக்குள் வந்துவிட்டது. மீதிப் பாதி நாட்களில் அதற்குப் பிறகு, ஒரு மணி நேரம் ஆவதற்குள், எப்போது வேண்டுமானாலும் வந்தது. அந்த நாட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்ததால், எல்லாவற்றையும் ஒரே அகலமான பட்டையாகச் சேர்த்துவிட்டாள். ஆக மொத்தம் இரண்டே பட்டைகள். ஒன்றின் அகலம் கால் மணி, மற்றதன் அகலம் முக்கால் மணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டு நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிவி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதப் பாருங்க. ஃபர்ஸ்ட் பட்டையோட ஹைட் ரெண்டு வருது. ப்ராபபிலிட்டி ஒண்ணுக்கு மேல போகாதுல்ல? ஃபிர் யே கைசே?"

நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாதே, அப்புறம் இது எப்படி என்று கேட்கிறாள். எவ்வளவு நல்ல கேள்வி! எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

"ரெண்டா? அதெப்படி ரெண்டு வரும்? தப்பு" என்றேன்.

"ஆனா ஏரியா பாத்தா சரியா வருதுப்பா. அகலம் கால், உயரம் ரெண்டு, பெருக்கினா அரை. பாதி நாள்தானே? புக்லயும் இப்படித்தான் போட்டிருக்கு..."

"அப்போ புக்கும் தப்பு! உயரம்தான் ப்ராபபிலிட்டி. பாதி நாள்னா உயரம் அரை. இந்தப் பக்கமும் பாதி, அந்தப் பக்கமும் பாதி. ரெண்டு பட்டையும் ஒரே உயரமா போடு."

"நோ பா, ஆனா..."

"எனக்கே சொல்லித் தர்றியா? இத்தனை வருஷமா நான் ஆபீஸ்ல இதத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்!"

சாந்தி தலையை நிமிர்த்தாமலே, "அப்பா சொல்றத ஒழுங்காக் கேளுடி. அவருக்குத் தெரியாததா?" என்றாள்.

நிவி அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் வேறு படம் போட்டாள், நான் சொன்னபடியே. இரண்டு பட்டைகளும் ஒரே உயரம். ஒன்று குறுகல், ஒன்று அகலம். அதைப் பார்க்கிற யாருக்கும், முக்கால்வாசி நாள் பஸ் தாமதம் என்றுதான் தோன்றும். எனக்கு அது தோன்றவில்லை. நான்தான் உயரத்தை மட்டும் பார்த்துப் பழகியவன் ஆயிற்றே!

அன்று மாலை அம்மாவும் மகளும் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். மேஜை மேல் அவளுடைய பாடப் புத்தகம் கிடந்தது. எதற்கு அதைப் பிரித்தேன்? புத்தகத்தில் தவறைக் கண்டுபிடித்து, வந்ததும் காட்டி, "பாத்தியா?" என்று கேட்பதற்காக. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... அதற்காகத்தான் பிரித்தேன்.

ஒரு பத்தியில் தெளிவாகப் போட்டிருந்தது. பட்டையின் பரப்புதான் நிகழ்தகவு. உயரம் என்பது அடர்த்தி. அது ஒன்றுக்கு மேலும் போகலாம். எல்லாப் பட்டைகளின் பரப்பையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஏறவில்லை. எரிச்சல்தான் வந்தது. சாந்தி வந்து சப்பாத்திக்கு மாவு உருட்ட ஆரம்பித்தபோது, அடுப்படி வாசலில் நின்று சும்மா வேடிக்கை பார்த்தேன். ஒரே அளவு உருண்டை. ஒன்றைச் சின்னதாகத் தேய்த்தாள், தடிமனாக இருந்தது. இன்னொன்றை அகலமாகத் தேய்த்தாள், மெல்லிசாகிப் போனது. மாவு அதே மாவுதான்!

அப்போது புரிந்தது. பாதி நாள் ஒரு உருண்டை, மீதிப் பாதி நாள் இன்னொரு உருண்டை. முதல் உருண்டை கால் மணி அகலத்துக்குள் அடைந்து கிடக்கிறது. அதனால் உயரம் இரண்டு. இன்னொன்று முக்கால் மணிக்குப் பரந்து கிடக்கிறது, அதனால் குட்டை. நிவி காலையில் போட்ட படம் அப்படியே சரி.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்தாள். "நிவி, நீ சொன்னதுதான் சரி." ஒரு வரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள்தான் அவள் வகுப்பில் பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை? நீங்களே கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். மேடம் பக்குவமாகத் திருத்திவிடுவார் என்று நினைத்தேனா? நினைத்தேன். மனைவி முன்னால் தோற்றுப்போக வெட்கமா? ஆமாம். ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது... பதினெட்டு வயதுப் பெண் ஒரே பார்வையில் கண்டதை நான் இத்தனை வருடத்தில் காணவில்லை என்று எனக்குக் கோபம். அவள் மேலேயே கோபம்! பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற தகப்பனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். நான் கூடத்தில் இருந்தேன். அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது. படத்தைக் காட்டியிருக்கிறாள். மேடம், உயரத்தைச் சரியாகப் போடவில்லையே என்று கேட்டிருக்கிறார். இவள், புத்தகத்தில்தான் தவறு, உயரம் ஒன்றுக்கு மேல் போகவே போகாது என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அப்படியானால் உன் படத்தின் மொத்தப் பரப்பு எவ்வளவு என்று மேடம் கேட்க, இவள் அங்கேயே பெருக்கிப் பார்த்திருக்கிறாள். அரைதான் வந்திருக்கிறது. மீதி அரை எங்கே போயிற்று என்று மேடம் கேட்டிருக்கிறார்.

எங்கே போயிற்று! நான்தான் அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"அப்பா, உயரம் ஒண்ணுக்கு மேல போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தின நாள் அவளுடைய புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டதை எடுத்து அவள் மேலேயே வீசினேன்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? ப்ராபபிலிட்டி ஒண்ணுக்கு மேல போகாதுன்னுதான் சொன்னேன். உயரம் வேற, ப்ராபபிலிட்டி வேற. பரப்புதான் ப்ராபபிலிட்டி. இது தெரியாதா எனக்கு? நீ மாத்திப் புரிஞ்சுக்கிட்டு வந்து என்னைச் சொல்றியே!"

எவ்வளவு தெளிவான பேச்சு, எவ்வளவு சுத்தமான புள்ளியியல்... எவ்வளவு பச்சைப் பொய்! ஒரு வாக்கியத்தில்கூடக் கணக்குப் பிழை கிடையாது. அவளால் எதை மறுக்க முடியும்?

அவள் என் முகத்தையே பார்த்தாள். முந்தின நாள் பால்கனியில் நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அவள்தான் தாழ்த்தினாள்.

"ஸாரிப்பா. நான்தான் சரியா கேக்கல போல" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் "பரவால்ல, அடுத்த தடவை கவனமா கேளு" என்று பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தெம்பில்லை. ஒரு பக்கம் படிப்பாள், புரிந்துவிடும், உடனே சந்தேகம் வந்து முதலிலிருந்து படிப்பாள். விடையைச் சரியாகப் போட்டுவிட்டு அடித்துவிடுவாள். அந்த ஆண்டு முடிவில், பாடத்தை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். வருடம் ஒன்று வீணாகுமே என்று சாந்தி புலம்பினாள். ஏன் என்று நான் கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேனோ!

"எனக்குப் புரிஞ்சிருச்சுன்னு தோணினாலே பயமா இருக்குப்பா. நான் புரிஞ்சுக்கறதை என்னாலயே நம்ப முடியல" என்றாள்.

புரியாததனால் விட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இவள் புரிந்ததனால் விட்டாள். அதற்குக் காரணம் நான்.

இப்போது குருகிராமில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நல்ல வேலைதான், குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அலுவலகத்தில் எந்த வரைபடம் வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாளாம். பிளாக்கில் குழந்தைகள் சந்தேகம் கேட்டு வந்தால், "எனக்கு நம்பர் வராது, அங்கிள்கிட்ட கேளுங்க" என்று என் பக்கம் அனுப்பிவிட்டு, என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நீங்கள் ஒரு நாள் தாங்கிப் பாருங்கள்.

அவளுடைய பழைய புத்தகத்தை எடுத்து இப்போது நான் படிக்கிறேன். யாரும் இல்லாதபோது, திருட்டுத்தனமாக. பிராயச்சித்தம் என்று நினைத்துவிடாதீர்கள், வீம்புதான். தொடர் பரவல் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். வளைகோடு இருக்கிறது, கோட்டுக்கு உயரம் இருக்கிறது, ஆனால் ஒரு தனிப் புள்ளியில் நிகழ்தகவு பூஜ்யமாம்! உயரம் இருக்கும் இடத்தில் எப்படிப் பூஜ்யம்? புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நிவியைக் கேட்டால் ஒருவேளை சொல்லிவிடுவாள்... அகலமே இல்லாத இடத்தில் பரப்பு ஏதுப்பா என்று. கேட்க முடியாது. அவளுக்குத்தான் நம்பர் வராதே. நான்தானே அப்படி ஆக்கினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மந்திர் மார்க் பக்கம் தெரிந்தவர் வீட்டு நிச்சயதார்த்தம். சாந்தி முன்னாலேயே போய்விட்டாள். நானும் நிவியும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அதே நிறுத்தம். எனக்கு நிற்கப் பொறுமையில்லை.

"ஆட்டோ பிடிச்சிரலாமா?" என்றேன்.

"இருங்கப்பா. வந்தா முதல் பதினஞ்சு நிமிஷத்துலயே வந்துரும், பாதி நாள் அப்படித்தான். அதைத் தாண்டிருச்சுன்னா அவ்ளோதான், மெல்லிசா இழுத்துக்கிட்டே போகும், எப்பன்னே சொல்ல முடியாது. அதனால பதினஞ்சு நிமிஷம் பாப்போம். வரலைன்னா உடனே ஆட்டோ."

அந்தப் படம்! பாதி நாள், மெல்லிசு என்று எதையும் விடாமல் சொல்லிவிட்டாள். அவளுக்குள் அது எங்கேயும் போகவில்லை. தான் சொல்வது புள்ளியியல் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை!

அங்கேயே, பஸ் நிறுத்தத்தில், ஆட்கள் நடுவே சொல்லிவிட்டேன். உன் படம் சரி, ரெண்டுதான் சரி, பால்கனியில் நான்தான் தவறாகச் சொன்னேன், மறுநாள் பொய் சொன்னேன், என்று எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று பயந்தேன்.

நிவி சிரித்தாள்.

"அப்பா, எனக்கு இன்னும் மனசு கஷ்டமா இருக்கும்னு நினைச்சு இப்படிச் சொல்றீங்க. ச்சோடியே நா, விடுங்க."

"இல்லம்மா, சத்தியமா..."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா. உயரம் வேற, ப்ராபபிலிட்டி வேறன்னு நீங்க அன்னைக்கே க்ளியரா சொன்னீங்க. மேடமும் அதேதான் சொன்னாங்க. நீங்க தப்பா சொல்லியிருந்தா ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்? நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்."

எவ்வளவு ஒழுங்கான வாதம்! நான் நட்ட பொய்க்கு அவள் ஆதாரம் காட்டுகிறாள். பால்கனியில் நான் சொன்னது அவள் நினைவிலிருந்து அழிந்துபோய்விட்டது. மறுநாள் சொன்ன பொய்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மறுபடியும் சொன்னேன். "சரிப்பா, சரி" என்று என் தோளைத் தட்டினாள், குழந்தையைச் சமாதானம் செய்வது போல.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நம்ப வேண்டியவள் நம்பவில்லை. நீங்கள் நம்புவதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். எங்கேயாவது சொல்லித்தானே ஆக வேண்டும்...

பஸ் வந்தது, கால் மணி ஆவதற்கு முன்பே. அவள் முதலில் ஏறி இடம் பிடித்துவிட்டு, "அப்பா, ஜல்தி வாங்க!" என்று கத்தினாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமா நிவி, நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அதை நம்பினாள். பஸ்ஸைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.